நனோ ஆரையன் கோணத்தை அளக்கத் தலையீட்டுமானி வேண்டுமா?

வந்தாறுமூலையில் இறுதியாண்டுச் செயற்றிட்டமாக முறுக்கல் ஊசல் ஒன்றைக் கட்டியிருக்கும் மாணவர் ஒருவரின் கேள்வி சுருக்கமாக இதுதான். 0.1 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருக்குக் கம்பியை ஒரு மீற்றர் நீளத்துக்குத் தொங்கவிட்டு, அதன் கீழே 20 சென்ரிமீற்றர் நீளமான சட்டத்தையும், சட்டத்தின் இரு முனைகளிலும் 50 கிராம் வீதம் திணிவுகளையும் பொருத்தியிருக்கிறார். மீனவர்கள் வலையில் கட்டும் ஈயக் குண்டுகளில் 20 கிராம் நிறையுள்ள ஒன்றைச் சட்டத்தின் ஒரு முனைக்கு அருகே கொண்டுபோய், அதன் ஈர்ப்பினால் ஊசல் எவ்வளவு திரும்புகிறது என்று அளப்பது அவருடைய நோக்கம். ஊசலில் ஒட்டிய சிறிய ஆடியில் லேசர்க் கற்றையைத் தெறிக்கவிட்டு, ஐந்து மீற்றர் தள்ளியுள்ள சுவரில் ஒளிப்புள்ளியின் நகர்வைப் பார்க்கிறார் (இந்த முறைக்கு ஒளி நெம்பு என்று பெயர்), ஒன்றும் தெரியவில்லை. இரு ஒளிக்கற்றைகளைக் கலந்து, உண்டாகும் ஒளி-இருள் பட்டைகளைக் கொண்டு அளக்கும் தலையீட்டுமானியைக் கட்டினால் நனோ ஆரையன் (ஓர் ஆரையனின் நூறு கோடியில் ஒரு பங்கு) வரை அளக்கலாமா, அதிலும் பத்து இலட்சத்தில் ஒரு பங்கான பெம்டோ ஆரையன் வரை அளந்ததாக வெளிவந்த ஆய்வின் முறையையே பின்பற்றலாமா என்று கேட்கிறார்.

தம்பி, தலையீட்டுமானியைத் தாராளமாகக் கட்டுங்கள். ஆனால் "தலையீட்டுமானிதான் அதிக உணர்திறன் உடையது, ஒளி நெம்பு உணர்திறன் குறைந்தது" என்ற எண்ணத்தில் கட்டவேண்டாம். அந்த எண்ணம் பரவலாக இருந்தாலும் சரியன்று. உங்களுக்கு அது உதவப்போவது வேறு மூன்று காரணங்களால். அவற்றைத் தெரிந்துகொண்டால்தான் எந்த வகைத் தலையீட்டுமானியைக் கட்டுவது, எதில் பணத்தையும் நேரத்தையும் செலவிடுவது என்பவற்றை முடிவுசெய்யலாம்.

முதலில் எதிர்பார்க்கும் கோணத்தைக் கணக்கிடுவோம். ஈயக் குண்டின் மையத்துக்கும் சட்டத்தின் முனைத்திணிவின் மையத்துக்கும் இடையில் 6 சென்ரிமீற்றர் இருக்குமாயின், ஈர்ப்பு விசை ஏறத்தாழ 1.9 × 10⁻¹¹ நியூட்டன். சட்டத்தின் அரை நீளம் 10 சென்ரிமீற்றர் என்பதால் முறுக்கம் 1.9 × 10⁻¹² நியூட்டன் மீற்றர். கம்பியின் முறுக்கல் மாறிலி, உருக்கின் விறைப்புக் குணகத்தை 8 × 10¹⁰ பஸ்கால் எனக் கொண்டால், ஓர் ஆரையனுக்கு 7.9 × 10⁻⁷ நியூட்டன் மீற்றர். ஒன்றை மற்றதால் வகுக்க 2.4 மைக்ரோ ஆரையன் வருகிறது. மறுமுனைத் திணிவையும் குண்டு இழுக்கிறது; அது எதிர்ப்பக்கமாக ஏறத்தாழ 2 சதவீதம், அதைப் பின்னர் திருத்திக்கொள்ளலாம். ஆடி 2.4 மைக்ரோ ஆரையன் திரும்பினால் தெறித்த கற்றை 4.8 மைக்ரோ ஆரையன் திரும்பும்; ஐந்து மீற்றரில் அது 0.024 மில்லிமீற்றர். சில மில்லிமீற்றர் அகலமான ஒளிப்புள்ளியில் அந்த நகர்வைக் கண்ணால் காணமுடியாமற் போனதில் வியப்பில்லை. இந்தக் கோணத்தை நூற்றுக்கு ஒரு பங்கு திருத்தமாக அறிய வேண்டுமானால் உங்களுக்கு 24 நனோ ஆரையன் தெரியவேண்டும். ஆயிரத்துக்கு ஒரு பங்கு வேண்டுமானால் 2.4 நனோ ஆரையன். உயர்தரச் செய்முறையில் திருசியமானியின் வேணியரில் வாசித்த ஒரு கலை 291,000 நனோ ஆரையன் என்பதையும், மட்டக்களப்பிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தள்ளியுள்ள கல்முனைக்கு நீட்டிய கோடு ஒரு நனோ ஆரையன் திரும்பினால் அங்கே 0.04 மில்லிமீற்றர்தான் விலகும் என்பதையும் பார்த்தால் அளவின் சிறுமை புரியும்.

இனி ஒளி நெம்பு உண்மையில் எவ்வளவு காணவல்லது என்று பார்ப்போம். சுவரையும் கண்ணையும் அகற்றிவிட்டு, அந்த இடத்தில் நடுவே பிளந்த ஒளியிருவாயி (ஒளியை மின்னோட்டமாக்கும் உணரி) ஒன்றை வையுங்கள். கற்றை இரு பாதிகளிலும் சமமாக விழும்போது வித்தியாசம் பூச்சியம், சற்று நகர்ந்தால் ஒரு பாதியில் கூடி மறுபாதியில் குறையும். ஒரு நனோ ஆரையன் திரும்பலுக்கு ஐந்து மீற்றரில் புள்ளி 10 நனோமீற்றர் நகரும். கற்றையின் ஆரை 2 மில்லிமீற்றர் என்றால் இரு பாதிகளின் வித்தியாசம் மொத்த ஒளியில் ஏறத்தாழ பத்து இலட்சத்துக்கு 8 பங்கு. ஒரு மில்லிவாற்று செந்நிற லேசர் ஒரு செக்கனில் அனுப்பும் போட்டன்கள் 3 × 10¹⁵ க்குச் சற்று அதிகம். அவற்றின் எண்ணிக்கையில் இயல்பாகவே உள்ள ஏற்ற இறக்கம், அந்த எண்ணின் வர்க்கமூலத்தின்படி, பத்துக் கோடிக்கு 2 பங்கு அளவுதான். அதாவது போட்டன் எண்ணிக்கை இரைச்சல் மட்டுமே எல்லையாக இருந்தால், நீங்கள் இப்போது வைத்திருக்கும் அதே ஒளி நெம்பு, ஒரு செக்கன் பதிவில், சில பிக்கோ ஆரையனைக் காணும். உங்களுக்குத் தேவையானதைவிட அது ஏறத்தாழ ஆயிரம் மடங்கு நுண்ணியது.

சுவரை இன்னும் தள்ளிவைத்தாற் போதும் என்று சிலர் நினைப்பதுண்டு. கற்றை தொலைவு செல்லச் செல்ல நகர்வு பெருகுவதுபோலவே கற்றையும் கோணலைவினால் விரிகிறது; குறித்த தூரத்தின் பின் இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். முடிவில் எல்லையைத் தீர்மானிப்பவை அலைநீளம், ஆடியில் படும் கற்றையின் அகலம், போட்டன்களின் எண்ணிக்கை ஆகிய மூன்று மட்டுமே: அலைநீளத்தைக் கற்றையின் அகலத்தால் வகுத்து, அதைப் போட்டன் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் மேலும் வகுத்தால் வருவதே, சிறு எண்காரணி ஒன்று நீங்கலாக, அளக்கக்கூடிய மிகச் சிறிய கோணம். தலையீட்டுமானிக்கும் இதே கோவைதான். 2021 இல் வியன்னாவில், ஏறத்தாழ 90 மில்லிகிராம் நிறையுள்ள இரு தங்கக் கோளங்களுக்கு இடையிலான ஈர்ப்பை முறுக்கல் ஊசலால் அளந்தபோது, ஊசலின் கோணத்தை வாசித்ததும் ஒளி நெம்பினாலேதான். உங்கள் ஈயக் குண்டு அதைவிட 200 மடங்குக்கு மேல் பாரமானது.

அப்படியாயின் தலையீட்டுமானி எதற்கு? முதற் காரணம் அடித்தளம். கோவையில் வரும் "அகலம்" ஒளி நெம்பில் கற்றையின் அகலம், அதாவது சில மில்லிமீற்றர். சட்டத்தில் 10 சென்ரிமீற்றர் இடைவெளியில் இரு புள்ளிகளைத் தெரிந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கற்றையை அனுப்பி, திரும்பிவரும் இரண்டையும் கலந்தால், அந்த 10 சென்ரிமீற்றரே அகலமாகிவிடுகிறது. இடைப்பட்ட இடமெல்லாம் ஆடியாக இருக்கவேண்டிய தேவையில்லை. சட்டம் ஒரு நனோ ஆரையன் திரும்பினால் இரு புள்ளிகளுக்கும் இடையில் முன்பின்னாக 0.1 நனோமீற்றர் வித்தியாசம் வரும். ஒளி போய்த் திரும்புவதால் பாதை வித்தியாசம் 0.2 நனோமீற்றர்; 632.8 நனோமீற்றர் ஒளிக்கு அது 0.002 ஆரையன் அவத்தை வித்தியாசம். பட்டையின் சரிவான இடத்தில் நின்று பார்த்தால் ஒளிச்செறிவு ஆயிரத்துக்கு 2 பங்கு மாறும். ஒளி நெம்பில் பத்து இலட்சத்துக்கு 8 ஆக இருந்த சைகை இங்கே பத்து இலட்சத்துக்கு 2,000 ஆகிறது. போட்டன் எல்லையை நெருங்காத சாதாரண மின்னணுச் சுற்றை வைத்துக்கொண்டு வேலை செய்பவருக்கு இந்த 250 மடங்கு பெரிய உதவி.

இரண்டாவது காரணம் லேசரின் ஆட்டம். லேசர் குழாய் சூடேறும்போது கற்றையின் திசையே மைக்ரோ ஆரையன் கணக்கில் அலையும். ஒளி நெம்பு அந்த அலைவையும் ஊசலின் திரும்பலையும் வேறுபடுத்தி அறியாது. கற்றை ஒரு மைக்ரோ ஆரையன் அலைந்தால் ஊசல் அரை மைக்ரோ ஆரையன் திரும்பியதாகவே காட்டும். உங்கள் சைகையே 2.4 மைக்ரோ ஆரையன் என்பதை மறக்கவேண்டாம். இரு கற்றைகளையும் ஒரே கற்றையிலிருந்து பிரித்து ஒப்பிடும் தலையீட்டுமானியில் அந்த அலைவின் பெரும்பகுதி இரண்டுக்கும் பொதுவாகிக் கழிந்துவிடும்.

மூன்றாவது, அளவுகோல். ஒளி நெம்பில் தூரம், கற்றையின் வடிவம், ஒளியிருவாயியின் பிளவு அகலம் என்று பலவற்றை அளந்தே வோல்ற்றளவைக் கோணமாக மாற்றவேண்டும். தலையீட்டுமானியில் ஒரு முழுப் பட்டை என்பது அலைநீளத்தை அடித்தளத்தின் இரு மடங்கால் வகுத்த கோணம்: உங்களுக்கு அது 3.16 மைக்ரோ ஆரையன். அடித்தளத்தை வேணியர் இடுக்கிமானியால் 0.1 மில்லிமீற்றர் திருத்தமாக அளந்தாலே ஆயிரத்துக்கு ஒன்று கிடைத்துவிடுகிறது. என்னைக் கேட்டால் மூன்றிலும் இதுவே பெரிய நன்மை.

அமைப்பில் கவனிக்கவேண்டியது பாதைகளின் சமன். பலரும் முதலில் வரைவது, கற்றைப் பிரிப்பியிலிருந்து ஒரு பாதி நேராகச் சட்டத்துக்குப் போக, மறுபாதி பக்கவாட்டில் 10 சென்ரிமீற்றர் சென்று ஓர் ஆடியில் திரும்பிச் சட்டத்துக்குப் போகும் படம். அதில் ஒரு பாதை மற்றதைவிட 10 சென்ரிமீற்றர் நீளம். உறுதிப்படுத்தப்படாத ஈலியம்-நியோன் லேசரின் மீடிறன் ஒரு கிகாஹேட்ஸ் வரை நகரக்கூடும். அது அலைநீளத்தில் பத்து இலட்சத்துக்கு 2 பங்கு மாற்றம். 10 சென்ரிமீற்றர் வித்தியாசத்தில் 0.2 மைக்ரோமீற்றர் பிழையாகி, 2 மைக்ரோ ஆரையன் போலித் திரும்பலாகத் தெரியும். தேடும் சைகைக்கு நிகரான பிழை அது. பாதைகளை ஒரு மில்லிமீற்றருக்குள் சமப்படுத்தினால் அதே நகர்வு 20 நனோ ஆரையனாகச் சுருங்கும்.

ஆகவே கற்றைப் பிரிப்பித் தகட்டைச் சட்டத்தின் நடுவுக்கு நேரே, தகட்டின் தளம் சட்டத்துக்குச் செங்குத்தாக இருக்கும்படி நிறுத்துங்கள். லேசர் 45 பாகை சரிவாக வரட்டும். ஊடுருவும் பாதி வலப்பக்கமும் தெறிக்கும் பாதி இடப்பக்கமும் ஒரே சாய்வில் விலகிச் செல்லும். இருபக்கமும் ஒவ்வோர் ஆடி அவற்றைச் சட்டத்தை நோக்கி நேராக்கட்டும். படம் இடம்வலம் முழுச் சமச்சீராக இருப்பதால் பாதைகள் தாமாகவே சமனாகும். இந்த அமைப்பில் சட்டத்தில் தட்டையான ஆடிகளை ஒட்டினால் ஒரு சிக்கல் வரும்: சட்டம் திரும்பும்போது திரும்பிவரும் இரு கற்றைகளும் ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கமாகச் சரிந்து, சில பத்து மைக்ரோ ஆரையனிலேயே பட்டைகள் மங்கிவிடும். ஊசலை முதலில் தொங்கவிடும்போது அது அதைவிடப் பல மடங்கு ஆடும். எனவே வந்த திசைக்கே ஒளியைத் திருப்பி அனுப்பும் மூலைக்கன அரியங்களைப் பயன்படுத்துங்கள். சட்டம் எப்படித் திரும்பினாலும் அவற்றிலிருந்து வரும் கற்றை வந்த திசைக்குச் சமாந்தரமாகவே போகும். நில அளவையாளர்கள் கோலில் பொருத்தும் அரியத்தின் மிகச் சிறிய வடிவம் இதுதான். மிதிவண்டியின் பின்னால் ஒளிரும் சிவப்புப் பிளாத்திக்கிலும் இதே வடிவம் நூற்றுக்கணக்கில் இருந்தாலும், ஒவ்வொன்றும் கற்றையை வெவ்வேறு அவத்தையில் துண்டாடிவிடும் என்பதால் அதை வெட்டி ஒட்டிப் பயனில்லை. கற்றையை அரியத்தின் உச்சிக்குச் சற்றுத் தள்ளி விழச் செய்தால் திரும்பும் ஒளி வேறோர் இடத்தில் வந்து சேரும். லேசருக்குள் மீண்டும் நுழைந்து அதைக் குழப்பாது. அரியங்களைச் சட்டத்தின் மையத்திலிருந்து 5 சென்ரிமீற்றரில் வையுங்கள். முனைகளை ஈயத்துக்கும் திணிவுகளுக்கும் விட்டுவிடுங்கள். இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கவேண்டும். உயரம் வேறுபட்டால் ஊசலின் முன்பின் தலையாட்டம் திரும்பல்போல வேடம் போடும்.

பட்டையை வாசிப்பதில் ஒரு நுட்பம் உண்டு. ஒளிச்செறிவு கோசைன் வளையியைப் பின்பற்றுவதால் உச்சியிலும் அடியிலும் உணர்திறன் பூச்சியம். மேலும் ஊசல் எந்தப் பக்கம் திரும்பியது என்பது ஓர் ஒளியிருவாயியால் தெரியாது. கற்றைகளை மிகச் சிறிதளவு சரித்து, வெளியில் சில மில்லிமீற்றர் இடைவெளியுள்ள பட்டைகள் விரியும்படி செய்து, இரண்டு ஒளியிருவாயிகளைப் பட்டை இடைவெளியின் கால்பங்கு தள்ளி வையுங்கள். ஒன்று சைன், மற்றது கோசைன். ஒன்று மந்தமாக இருக்கும் இடத்தில் மற்றது கூர்மையாக இருக்கும். இரண்டையும் ஒன்றுக்கொன்று எதிராக வரைந்தால் வட்டம் வரவேண்டும்; நடைமுறையில் மையம் விலகிய, சற்றுச் சரிந்த நீள்வட்டமே வரும். அந்த நீள்வட்டத்தை வட்டமாகத் திருத்தும் கணிப்புமுறையை 1981 இல் ஹைடமன் வெளியிட்டார். இன்றும் அதுவே வழக்கில் உள்ளது. திருத்தாமல் விட்டால் ஒவ்வொரு பட்டைக்கும் ஒருமுறை சில நனோமீற்றர் அளவில் பிழை ஏறி இறங்கும். உங்கள் முழுச் சைகையும் முக்கால் பட்டைதான் என்பதால் அந்தப் பிழை சராசரியில் மறையாது.

இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. பட்டை முழு வீச்சையும் நிரப்பினால் ஆர்டுயினோ நுண்கட்டுப்பாட்டுப் பலகையின் 1,024 படிகளில் ஒரு படி, சரிவான இடத்தில், 0.002 ஆரையன் அவத்தை. மேலே பார்த்தபடி அது ஒரு நனோ ஆரையன். ஊசலின் அலைவுகாலம் ஏறத்தாழ 225 செக்கன் என்பதால் தொடக்கத்தில் ஒரு மில்லி ஆரையன் வீச்சத்தில் ஆடினாலும் செக்கனுக்கு ஒன்பது பட்டைகளுக்கு மேல் கடக்காது. செக்கனுக்கு சில நூறு வாசிப்புகள் எடுத்துச் சராசரி காண நிறைய இடம் இருக்கிறது.

இனி அந்தப் பெம்டோ ஆரையன் ஆய்வு. 2009 இல் றொச்செஸ்ரர் பல்கலைக்கழகத்தின் டிக்சன், ஸ்டார்லிங், ஜோர்டன், ஹவெல் ஆகியோர், ஒரே வளையத்தில் ஒளியை எதிரெதிர்த் திசைகளில் அனுப்பும் சான்யாக் தலையீட்டுமானியில், ஆடியொன்றின் 400 பெம்டோ ஆரையன் திரும்பலை, 200 பெம்டோ ஆரையன் பிழையெல்லையுடன், அளந்து காட்டினார்கள். அகரோனொவ், அல்பேட், வைட்மன் ஆகியோர் 1988 இல் முன்வைத்த நலிந்த அளவீட்டுக் கருத்தை அவர்கள் பயன்படுத்தினார்கள். வெளிவாயில் ஏறக்குறைய முழு இருளாக இருக்கும்படி அவத்தையைச் சரிசெய்துவிட்டு, அங்கே கசியும் சிறிதளவு ஒளியின் நகர்வைப் பார்த்தால், அது ஆடியின் உண்மைத் திரும்பலுக்கு உரிய நகர்வைவிடப் பல மடங்கு பெரிதாகத் தெரியும்.

கேட்க மந்திரம்போல் இருக்கும். கணக்கை எண்ணில் போட்டுப் பாருங்கள். அவத்தையை 0.1 ஆரையனில் வைத்தால் நகர்வு 20 மடங்கு பெருகும். ஆனால் வெளிவரும் ஒளி 400 இல் ஒரு பங்காகும். போட்டன் இரைச்சல் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தோடு போவதால் 400 இல் ஒரு பங்கு ஒளி என்பது 20 மடங்கு மோசமான துல்லியம். பெருக்கிய 20 ஐ அந்த 20 அப்படியே விழுங்கிவிடுகிறது. இதை அந்த ஆய்வாளர்களே மறைக்கவில்லை. போட்டன் எல்லையில் தம்முடைய முறை செம்மையான ஒளி நெம்புக்குச் சமம் என்று அதே குழு தனிக் கட்டுரையில் காட்டியிருக்கிறது. ஒளி குறைவதால் உணரி நிரம்பி வழியாது, உணரியின் சொந்தக் குறைபாடுகள் சிலவும் பின்னடைகின்றன என்பதே நன்மை. அந்த நன்மையும் எப்போது செல்லும் என்பது பற்றி 2014 இல் இருபக்கமும் காரசாரமான கட்டுரைகள் வந்தன. பயிற்சி பெற்றவர் கையில் இது அழகான கருவி என்பதில் எனக்கு ஐயமில்லை. உங்கள் செயற்றிட்டத்துக்கு மட்டும் இது பொருந்தாது.

அதற்கு இன்னொரு வலுவான காரணம் உண்டு. அந்த ஆய்வில் ஆடியைத் தெரிந்த மீடிறனில் அசைத்து, அந்த மீடிறனில் மட்டும் தேடினார்கள். இதே கருத்தை வைத்து 2011 இல் ரேணர், ஹேகடோன், ஷ்லாமிங்கர், குண்ட்லாக் ஆகியோர் கட்டிய கருவி, ஒரு ஹேட்ஸ் மீடிறன் அகலத்துக்கு 10 பிக்கோ ஆரையனைவிட நுண்ணியதைக் கண்டது. ஆனால் 10 முதல் 200 ஹேட்ஸ் வரைதான். உங்கள் ஊசலின் 225 செக்கன் என்பது 0.0044 ஹேட்ஸ். வெப்பமும் காற்றும் தரையும் மெல்ல மெல்ல நகரும் அந்தத் தாழ் மீடிறனில், மேல் மீடிறனில் பெற்ற சிறப்பெண் எதையும் உறுதிசெய்யாது. எந்தக் கருவியின் உணர்திறனைப் படித்தாலும் எந்த மீடிறனில் என்று சேர்த்துப் படியுங்கள்.

கருவியை விட்டு ஊசலையே பார்ப்போம். பலர் இதைக் கணக்கிடாமலே தொடங்கிவிடுகிறார்கள். அறை வெப்பநிலையில் காற்று மூலக்கூறுகளின் மோதலும் கம்பியின் உள்ளுராய்வும் ஊசலை ஓயாமல் தள்ளிக்கொண்டிருக்கும். போல்ற்ஸ்மன் மாறிலியை வெப்பநிலையால் பெருக்கி, முறுக்கல் மாறிலியால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் அந்த நடுக்கத்தின் அளவு வரும்: உங்கள் கம்பிக்கு 73 நனோ ஆரையன். 1931 இல் கப்ளர், இழையில் தொங்கிய ஆடியின் இந்த நடுக்கத்தையே ஒளி நெம்பால் பதிவுசெய்து, அதிலிருந்து அவகாதரோ எண்ணைக் கணித்தார். அதாவது ஒரு நனோ ஆரையன் காட்டும் தலையீட்டுமானியை நீங்கள் கட்டி முடித்ததும் அது முதலில் காட்டப்போவது, 225 செக்கனுக்கு ஒருமுறை தானாக ஆடும் இந்த நடுக்கத்தைத்தான். கம்பியை 20 மைக்ரோமீற்றர் தங்குதனாக மாற்றினால் சைகை 300 மடங்கு பெருகும், ஏனெனில், தங்குதன் உருக்கைவிட ஏறத்தாழ இரு மடங்கு விறைப்பானாலும், மாறிலி விட்டத்தின் நான்காம் அடுக்கோடு போகிறது. நடுக்கமோ 18 மடங்குதான் பெருகி 1.3 மைக்ரோ ஆரையனாகும். சைகை இரைச்சல் விகிதத்தை உயர்த்த, ஒளியியலைவிட மெல்லிய கம்பி மலிவான வழி என்பது இதிலிருந்து தெரியும். அவ்வளவு மெல்லிய கம்பி ஐம்பது கிராம் திணிவுகள் இரண்டைத் தாங்காது, சட்டத்தையும் இலேசாக்கவேண்டும்.

எஞ்சியிருப்பது இடம். 10 சென்ரிமீற்றர் அலுமினியத் தாங்கிகள் இரண்டில் ஒன்று மற்றதைவிட 0.01 பாகை சூடானால் 23 நனோமீற்றர் நீளும். உங்கள் அடித்தளத்தில் அது 230 நனோ ஆரையன். இரு கற்றைகளும் செல்லும் காற்றில் 0.01 பாகை வித்தியாசம் இருந்தால், 10 சென்ரிமீற்றர் பாதையில் முறிவுச் சுட்டியின் மாற்றம் மட்டுமே 10 நனோ ஆரையன். மின்விசிறியை நிறுத்தினால் மட்டும் போதாது. வந்தாறுமூலையில் பங்குனி, சித்திரை வெயில் மேற்குச் சுவரில் விழுந்தால் அந்தச் சுவர் நள்ளிரவுவரை வெப்பத்தை வெளிவிட்டுக்கொண்டிருக்கும். குளிரூட்டி விட்டுவிட்டு ஓடும் அறையைவிட, குளிரூட்டியே இல்லாத, வெயில் படாத உள்ளறை நல்லது. முழு அமைப்பையும் றெஜிபோம் பெட்டியால் மூடுங்கள். ஊசலைச் சுற்றி மட்டும் தனியாக, தரையிணைப்புச் செய்த உலோகக் கூடு இருக்கட்டும். தளத்துக்கு, சமையலறை மேடைகளுக்கு இடும் கருங்கற் பலகையில் வெட்டி மிஞ்சிய துண்டு ஒன்று போதும். பாரமானது, அலுமினியத்தின் மூன்றிலொரு பங்கே விரியும். அதை அரைவாசி காற்றடித்த மோட்டார் சைக்கிள் ரியூப்பின் மேல் வைத்தால் திருகோணமலை வீதியில் போகும் பாரவண்டிகளின் அதிர்வில் பெரும்பகுதி அடங்கும்.

அடங்காதது கடல். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கரையை அறையும் அலைகள் தரையைச் சில செக்கன்களுக்கு ஒருமுறை மெல்ல அசைத்துக்கொண்டிருக்கும். ரியூப் அந்த மீடிறனில் ஒன்றும் செய்யாது. நல்லவேளையாக உங்கள் 225 செக்கன் அதிலிருந்து வெகு தொலைவில் இருப்பதால் சராசரி எடுத்தால் அது மறையும். மறையாதது தரையின் மெதுவான சரிவு: சந்திரனும் சூரியனும் திண்ம நிலத்தையே பெருக்கி வற்றச் செய்வதால் வரும் சரிவும், மழைக்காலத்தில் வாவியின் நீர்மட்டம் ஏறும்போது மாறும் சுமையும் இதில் அடங்கும். மைக்கல்சனும் கேலும் அமெரிக்காவின் யேர்க்ஸ் வானாய்வகத்தில் 500 அடி நீளக் குழாய்களைப் புதைத்து, பாதியளவு நீர் நிரப்பி, நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கத்தைத் தலையீட்டுப் பட்டைகளால் வாசித்து, அந்த நிலப் பெருக்கை அளந்து 1919 இல் வெளியிட்டார்கள். தலையீட்டுமானியால் நுண்கோணம் அளந்த பழைய வேலைகளில் நான் மிகவும் மதிப்பது அது. தொங்கும் கம்பியின் மேல்முனை சரிந்தால் அச்சரிவின் சிறு பங்கொன்று திரும்பலாகவும் வெளிப்படும் என்பதால் இது உங்களையும் தொடும்.

மெதுவான நகர்வுகள் அனைத்துக்கும் ஒரே மருந்து, சைகையை நீங்களே மாற்றிமாற்றி உண்டாக்குவது. வியன்னாவிலும் மூலத் திணிவைக் குறித்த மீடிறனில் முன்பின்னாக அசைத்தே தேடினார்கள். ஈயக் குண்டைச் சட்டத்தின் ஒரு பக்கத்தில் சில அலைவுகாலங்கள் வைத்து, பின்னர் அதே தூரத்தில் மறுபக்கத்துக்கு மாற்றி, மீண்டும் முதற் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள்; பெட்டியைத் திறக்காமல், வெளியிலிருந்து நூலால் இழுக்கும் சுழல்மேசை ஒன்றில் குண்டை வைத்தால் உங்கள் உடல் வெப்பமும் உள்ளே போகாது. ஒவ்வொரு நிலையிலும் ஊசலின் ஆட்டத்துக்குத் தணிந்த சைன் வளையியைப் பொருத்திச் சமநிலைக் கோணத்தை எடுங்கள். முதலாம், மூன்றாம் நிலைகளின் சராசரியை இரண்டாம் நிலையிலிருந்து கழித்தால் சீரான நகர்வு முழுவதும் நீங்கும். மிஞ்சும் வித்தியாசம் 4.8 மைக்ரோ ஆரையனுக்கு அருகில், மறுமுனைத் திருத்தத்துக்குப் பின் 4.7 அளவில், இருக்கவேண்டும்.

ஆனால் ஈயத்தைத் தொடும் முன்பு கருவியைச் சோதியுங்கள். மின்னணுக் கடைகளில் கிடைக்கும் வட்டமான ஒலியெழுப்பித் தகடு அழுத்தமின் பொருளால் ஆனது. ஒரு வோல்ற்றுக்குப் பல நனோமீற்றர் அசையும். ஊசலுக்குப் பதிலாக, ஒரு முனையில் பிணைத்த ஒரு மீற்றர் நீளச் சட்டத்தில் அதே அரியங்களைப் பொருத்தி, மறுமுனையை அந்தத் தகடு தள்ளும்படி செய்யுங்கள். ஒரு நனோமீற்றர் தள்ளல் ஒரு நனோ ஆரையன் திரும்பல். சமிக்ஞைப் பிறப்பாக்கியால் ஒரு ஹேட்ஸ் சைன் அலை கொடுத்து, பத்து நிமிடப் பதிவின் மீடிறன் நிறமாலையில் ஒரு ஹேட்ஸில் கூர்முனை எழுகிறதா, வோல்ற்றளவைப் பாதியாக்கும்போது அதுவும் பாதியாகிறதா என்று பாருங்கள். பின்னர் தகட்டின் இணைப்பைக் கழற்றிவிட்டு, சட்டத்தை அசையாமல் இறுக்கி, ஓர் இரவு முழுவதும் வெறும் பதிவு எடுங்கள். அந்தப் பதிவு 0.004 ஹேட்ஸ் அருகே 20 நனோ ஆரையனுக்கு மேல் அலைந்தால், இன்னும் குறைபாடு பெட்டியிலும் தாங்கிகளிலும்தான். லேசரையோ ஒளியிருவாயியையோ மாற்றவேண்டாம்.